அபராதம் கட்டுவதா? கோர்ட்டில் வாதாடுவதா? விபத்தில் சிக்கிய லாரி டிரைவர் முன் நிற்கும் கேள்வி!

சென்னை:

"ஃபைனைக் கட்டிட்டுப் போய்க்கிட்டே இருப்பா. அத்தோட கேஸ் முடிஞ்சிடும்!"

விபத்தில் சிக்கிய லாரி டிரைவருக்கு முதலில் கிடைக்கும் யோசனை இதுதான். டீக்கடையில் சொல்வார்கள். ஷெட்டில் சொல்வார்கள். சில சமயம் ஓனரே சொல்வார்.

ஆனால் கேஸ் அத்தோடு முடிவதில்லை. பல டிரைவர்களுக்கு அது அங்கேதான் ஆரம்பமாகிறது!

எப்படி என்று பார்ப்போம்.

லாரியும் ஸ்கூட்டரும்

மணலியில் இருந்து துறைமுகத்துக்கு ஒரு கன்டெய்னர் லாரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் இடது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போடுகிறார். அதே நேரம் ஒரு ஸ்கூட்டர் இடது பக்கமாக முந்தப் பார்க்கிறது. மோதல்! ஸ்கூட்டரில் வந்தவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது.

கூட்டம் கூடுகிறது. பெரிய வண்டி மீதுதான் தப்பு என்று கூட்டம் அங்கேயே தீர்ப்பு சொல்லிவிடும். போலீசார் வருகிறார்கள். "அபாயகரமாக ஓட்டினாய்" என்று டிரைவர் கையில் சலான் வருகிறது.

டிரைவர் என்ன செய்ய வேண்டும்? பணத்தைக் கட்ட வேண்டுமா? "என் மேல் தப்பு இல்லை" என்று வாதாட வேண்டுமா?

இரண்டு கேஸ்

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே விபத்துக்கு இரண்டு வகை நடவடிக்கை வரலாம்.

ஒன்று, மோட்டார் வாகனச் சட்டப்படி வரும் சலான். அபாயகரமாக ஓட்டுவது இந்தச் சட்டத்தின் 184-வது பிரிவில் வருகிறது. 2019 செப்டம்பர் 1-ந் தேதி முதல் இதற்குத் தண்டனை கூடிவிட்டது. முதல் தடவை என்றால் ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை ஜெயில், அல்லது இரண்டும். 3 ஆண்டுக்குள் மறுபடி மாட்டினால் ரூ.10 ஆயிரம் அபராதம், அல்லது 2 ஆண்டு வரை ஜெயில், அல்லது இரண்டும்.

இன்னொன்று, போலீசார் போடும் எப்.ஐ.ஆர். 2024 ஜூலை 1-ந் தேதி முதல் இது பாரதிய நியாய சன்ஹிதா சட்டப்படி பதிவாகிறது. பழைய 279-வது பிரிவு இப்போது 281. கொடுங்காயம் ஏற்பட்டால் 125-பி. எலும்பு முறிவு கொடுங்காயத்தில்தான் சேரும். இதற்கு 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது ரூ.10 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிர் போய்விட்டால் 106-வது பிரிவு. பழைய சட்டத்தில் 2 ஆண்டாக இருந்த தண்டனை இப்போது 5 ஆண்டு வரை போகிறது.

சலான் பணத்தைக் கட்டிவிட்டதால் எப்.ஐ.ஆர். கேஸ் மறைந்துவிடாது. அது தனியாக நடக்கும். இது தெரியாமல், "நான்தான் கட்டிட்டேனே சார்" என்று சம்மன் வந்த பிறகு திகைத்து நிற்பவர்கள் உண்டு.

"ஒப்புக்கொள்கிறேன்"

கோர்ட்டில் மாஜிஸ்திரேட்டு கேட்கிறார்: "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?"

"ஒப்புக்கொள்கிறேன்" என்றால் அன்றைக்கே அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்துவிடலாம். வாய்தா வாய்தாவாக அலைய வேண்டாம். ஒரு நடை போனால்தான் டிரைவருக்குப் பேட்டா. கோர்ட்டுக்குப் போனால் யார் கொடுப்பார்கள்? அதனால்தான் பலர் இந்தச் சுலப வழியைப் பிடிக்கிறார்கள்.

ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் வருவதைக் கேளுங்கள்.

காயம்பட்டவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவார். சென்னையில் சிறு வழக்குகள் கோர்ட்டு இந்த விபத்து வழக்குகளை விசாரிக்கிறது. அங்கே, டிரைவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிய தீர்ப்பு நகலை ஆவணமாகக் கொடுப்பார்கள். அது மட்டுமே முடிவு அல்ல என்றாலும், டிரைவருக்கு எதிரான பலமான சாட்சி அதுதான். பிறகு "ஸ்கூட்டர்தான் குறுக்கே வந்தது" என்று சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

அடுத்தது லைசென்சு. தண்டனை விதிக்கும் கோர்ட்டு, வண்டி ஓட்டவே தடை விதிக்கலாம். வட்டாரப் போக்குவரத்து அதிகாரியும் 19-வது பிரிவின் கீழ் நடவடிக்கை எடுக்கலாம். லைசென்சு போனால் டிரைவர் வீட்டில் அடுப்பு எரியாது.

ஓனர் சொன்னால்?

இங்கே ஒரு விஷயம். ஓனரின் நலன் வேறு, டிரைவரின் நலன் வேறு!

பாலிசி ஒழுங்காக இருந்தால் நஷ்டஈட்டை இன்சூரன்சு கம்பெனி கொடுத்துவிடும். வண்டி சீக்கிரம் ரோட்டுக்கு வந்தால் போதும் என்று ஓனர் நினைக்கலாம். "ஒப்புக்கோ, ஃபைனை நான் கட்டுறேன்" என்பார். பணம் அவருடையது. ஆனால் தண்டனை யார் பேரில் பதிவாகிறது? டிரைவர் பேரில்தான்!

ஆகவே ஓனர் வைத்துத் தரும் வக்கீலிடமும், "இதனால் என் லைசென்சுக்கு என்ன ஆகும்?" என்று டிரைவர் கேட்டே ஆக வேண்டும்.

எப்போது வாதாடலாம்?

சாட்சி இருந்தால் வாதாடலாம். நம் உதாரணத்தையே பாருங்கள். ஸ்கூட்டர் லாரியின் முன் மூலையில் மோதியதா, பின் சக்கரத்தில் மோதியதா? பின் சக்கரம் என்றால், லாரி பாதி திரும்பிய பிறகுதான் ஸ்கூட்டர் நுழைந்தது என்று சொல்ல இடம் இருக்கிறது. முன் மூலை என்றால், "கண்ணாடியில் பார்த்தாயா?" என்ற கேள்விக்கு டிரைவர் பதில் சொல்ல வேண்டும்.

போலீசார் போடும் ரஃப் ஸ்கெட்ச், பார்வை மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளரின் ரிப்போர்ட்டு, இந்த மூன்றின் நகலும் வக்கீல் கையில் இருக்க வேண்டும். பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் சொல்லி, பிரேக் சரியாக இருந்தது என்று ஆய்வாளர் எழுதியிருந்தால் வாதம் நிற்காது.

பக்கத்துக் கடை கேமராவில் பதிவானதை உடனே கேட்டு வாங்க வேண்டும். நாளாகிவிட்டால் பழைய பதிவு அழிந்துவிடும்.

எப்போது வேண்டாம்?

குடித்துவிட்டு ஓட்டியது, அதிக பாரம் ஏற்றியது, லைசென்சு காலாவதி ஆனது, இவையெல்லாம் காகிதத்திலும் கருவியிலும் பதிவாகும் குற்றங்கள். பதிவு சரியாக இருந்தால், சும்மா இழுத்தடிப்பதில் வக்கீல் ஃபீசுதான் மிச்சம்.

தப்பு தன்னுடையது என்று மனசுக்குத் தெரிந்தால் பொய் சாட்சி தேடிப் போகக் கூடாது. அடிபட்டவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்போதும் வக்கீலைக் கேட்டுவிட்டு, எந்தப் பிரிவில் ஒப்புக்கொள்கிறோம் என்று தெரிந்துதான் வாயைத் திறக்க வேண்டும்.

விடுதலை ஆனாலும்...

கிரிமினல் கேசில் ஜெயித்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? அதுவும் இல்லை!

தொங்கிக்கொண்டிருந்த உயர் அழுத்த மின்கம்பியில் ஒரு தனியார் பஸ் இரவு நேரத்தில் உரசி 8 பேர் பலியானார்கள். "தெய்வச் செயல்" என்று டிரைவருக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் நஷ்டஈடு வழக்கில் டிரைவரின் கவனக்குறைவுதான் காரணம் என்று தீர்ப்பானது. 1980-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. கிரிமினல் கேசுக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சி வேண்டும். நஷ்டஈட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. அதுதான் வித்தியாசம்.

முதல் நாளே செய்ய வேண்டியது

வாதாடுவதோ, கட்டுவதோ பிறகு. முதலில் ஓடக் கூடாது!

அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். கூட்டம் அடிக்க வந்தால் அங்கே நிற்க முடியாது என்பதைச் சட்டமும் ஒத்துக்கொள்கிறது. ஆனால் 24 மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் சொல்லியாக வேண்டும். இன்சூரன்சு கம்பெனிக்கும் தகவல் போக வேண்டும். தவறினால் அதற்குத் தனியாக 6 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.5 ஆயிரம் அபராதம்.

2022 ஏப்ரல் 1-ந் தேதி வந்த விதிப்படி, விபத்து பற்றிப் போலீசார் 48 மணி நேரத்தில் நஷ்டஈடு கோர்ட்டுக்கு முதல் ரிப்போர்ட்டு அனுப்ப வேண்டும். டிரைவரும் தன் படிவத்தை 30 நாளுக்குள் விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். யாரோ எழுதித் தந்ததில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடாது. படித்துப் பார்க்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

லைசென்சை சஸ்பெண்டு செய்யும் முன் அதிகாரி டிரைவரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். நோட்டீசுக்குப் பதில் எழுதாமல் இருந்துவிடக் கூடாது. உத்தரவு வந்துவிட்டால் 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். வெறும் எப்.ஐ.ஆரை வைத்துச் செய்த சஸ்பெண்டுகளைச் சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது உண்டு.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தருகிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

கோர்ட்டில் அரை நாள் போகிறதே என்று பார்த்து, லைசென்சைப் பறிகொடுத்துவிடாதீர்கள். "ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்லும் முன் ஒரு வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், டிரைவர் அண்ணே!