பதக்கத்துக்குப் பிறகு?
அந்தமான் இளைஞர்களிடம் வேகம் இருக்கிறது. ஆனால் வேலைக்குப் படிப்பும் வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கார் நிகோபாரைப் புரட்டிப்போட்டபோது டெபோரா ஹெரால்டுக்கு வயது 9. மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்தார். பின்னாளில் இந்தியாவின் முன்னணி சைக்கிள் வீராங்கனை ஆனார். அதே தீவுகளைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் 2018-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த உலக ஜூனியர் டிராக் சைக்கிள் போட்டியில் வெள்ளி வென்றார்.

தலைநகரின் டெலானிபூர் பகுதியில் வளரும் கல்லூரி மாணவனுக்கும் இந்தக் கனவு வரலாம். சிக்கல் தூரத்தில் தொடங்குகிறது. சைக்கிள் வீரர்களுக்கான தேசியப் பயிற்சி மையம் டெல்லியில். சென்னைக்கே கப்பலில் சுமார் மூன்று நாள். பயிற்சிக்காகத் தீவை விட்டால் வகுப்பும் தேர்வும் கைநழுவும்.

இன்னொரு ஆபத்து மனதில். 'விளையாட்டு வீரன்' என்ற அடையாளம் ஒருவரிடம் எவ்வளவு ஆழமானது என்பதை அளக்க அமெரிக்க உளவியலாளர் பிரிட்டன் புரூவரும் சகாக்களும் 1993-ல் ஒரு அளவுகோலை முன்வைத்தார்கள். அந்த அடையாளம் உழைக்கத் தூண்டும். அது மட்டுமே அடையாளமாகிவிட்டால், ஒரு காயமோ தேர்வில் கிடைத்த நிராகரிப்போ ஆளையே உலுக்கிவிடும்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் ஆடியவர்களும் மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வயதில் சலுகை உண்டு; கல்வித் தகுதியில் கிடையாது. படிப்பைப் பாதியில் விட்டவருக்குப் பட்டம் கேட்கும் வேலைகளில் பதக்கம் உதவாது.

போட்டிக்குப் போகும் மாணவனுக்குத் தனித் தேர்வு, விட்டுப்போன பாடங்களுக்குச் சிறப்பு வகுப்பு. கல்லூரிகள் இவ்வளவு செய்தாலே போதும். ஓட்டம் நின்ற பிறகும் அவனுக்கு ஒரு பாதை இருக்கும்.