வேஷத் துணியில ரப்பர் நிக்கணும்னா எந்தப் பசை?

இந்த எபிசோடு ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து வந்தது. தென்காசியில இருந்து ஒரு தம்பி அனுப்பியிருந்தார். குலசை தசராவுக்குக் காளி வேஷம் கட்டுறார். உடுப்புல ரப்பர் பாம்பு, மண்டை ஓடு, ரப்பர் ஷீட்ல வெட்டின நகைன்னு நிறைய ஒட்டணும். ஃபெவிக்விக் போட்டாச்சு, ஹாட் க்ளூவும் போட்டாச்சு, ரெண்டும் நிக்கலை. "அண்ணே, எந்தப் பசைதான் வாங்குறது?"

சென்னை, பெங்களூரு மக்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். குலசேகரன்பட்டினம் தூத்துக்குடி மாவட்டத்துல கடலோரம் இருக்கு. 2024-ல ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினாங்களே, அதே ஊர்தான். அங்க முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு விரதம் இருந்து, காப்புக் கட்டி, காளி, குரங்கு, கரடி, போலீஸ்னு வேஷம் போட்டு, ஊர் ஊரா காணிக்கை எடுத்துட்டுப் போவாங்க. பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில சூரசம்ஹாரம். ஆக, அந்த உடுப்பு நாள் கணக்கா வெயில், வியர்வை, ஆட்டம், உப்புக்காத்து எல்லாத்தையும் தாங்கணும். நேர்த்திக்கடனுக்குக் கட்டுற வேஷம். ஊர்வலம் நடுவுல பாம்பு கழண்டு விழுந்தா யாருக்கும் சிரிப்பு வராது.

முதல்ல, ஏன் நிக்கலை? துணி மடங்கும், ரப்பர் இழுபடும். நடுவுல இருக்கிற பசை காஞ்சதும் கண்ணாடி மாதிரி ஆயிட்டா, ரெண்டும் அசையும்போது அது மட்டும் அசையாம உடையும். ஃபெவிக்விக்ல நடக்கிறது இதுதான். அதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. பருத்தித் துணியில அது பட்டா வேகமா வினை நடந்து சூடாகும், சில சமயம் புகையும், தோல் சுட்டுடும். உடுப்பைப் போட்டுக்கிட்டே "இந்த இடத்துல ஒரு சொட்டு விடு"ன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க. ஹாட் க்ளூ கொஞ்சம் வளையும், ஆனா துணி மேலாப்புல உட்கார்ந்துக்கும், சூட்டுல இளகும். வெயில்ல நிறுத்தின வேனுக்குள்ள உடுப்பை வச்சீங்கன்னா மீதிக் கதையை நீங்களே சொல்லலாம். வெள்ளை ஃபெவிகால் மரத்துக்கும் காகிதத்துக்கும் சரி. ரப்பருக்குள்ள அது இறங்காது, வியர்வை பட்டா ஊறிடும்.

அப்போ பசையே ரப்பர் குணத்தோட இருக்கணும். செருப்புக் கடையில அண்ணன் ரெண்டு பக்கமும் தடவி, காய விட்டு, அப்புறம் ஒட்டித் தட்டுறாரே, அந்த சொல்யூஷன்தான் நமக்கு வேணும். ஃபெவிகால் எஸ்.ஆர். 998, ஃபெவிபாண்ட் எல்லாம் இந்தக் குடும்பம். காஞ்ச பிறகும் வளையும்.

ஆனா "ரப்பர்"னு நாம சொல்றது எல்லாம் ரப்பர் இல்லை. இங்கதான் பாதிப் பேர் சறுக்குறாங்க. கிராஃப்ட் கடையில கலர் கலரா கிடைக்கிற ஃபோம் ஷீட் பெரும்பாலும் இ.வி.ஏ. அதுக்கும் சைக்கிள் டியூபுக்கும் இந்த சொல்யூஷன் போதும். திருவிழாக் கடையில வாங்குற வழவழ பாம்பு அநேகமா பி.வி.சி. அதை மென்மையாக்க எண்ணெய் மாதிரி ஒரு பொருள் சேர்த்திருப்பாங்க. ஒட்டின அன்னைக்கு இரும்பு மாதிரி பிடிக்கும். ஆனா அந்த எண்ணெய் மெல்லக் கசிஞ்சு பசைக்குள்ள போய், சில வாரத்துல அதைப் பிசுபிசுன்னு ஆக்கிடும். செப்டம்பர்ல ஒட்டினது அக்டோபர்ல வழுக்கி இறங்குறதுக்கு இதுதான் காரணம். அதுக்கு ஷூ வேலைக்காரங்க வச்சிருக்கிற பி.யு. பசையைக் கேளுங்க. சிலிகான்ல பண்ணின துண்டா இருந்தா, சிலிகான் பசையைத் தவிர வேற எதுவும் ஒட்டாது. சந்தேகம்னா செலோடேப் ஒட்டிப் பாருங்க. அதுவே பிடிக்காம வந்தா பெரும்பாலும் சிலிகான்.

தென்காசிக்காரங்களுக்கு இன்னொரு வழி பக்கத்துலயே இருக்கு. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு, தென்மலை வழியா புனலூர் போனா ரப்பர் தோட்டம்தான். 1964 ஒப்பந்தப்படி இலங்கையில இருந்து திரும்பி வந்த தமிழர்களுக்கு வேலை கொடுக்கவே அங்க அரசுத் தோட்டம் போட்டாங்க. அது தனி எபிசோடுக்கான கதை. நமக்குத் தேவை ரப்பர் பால். உறையாம இருக்க அமோனியா சேர்த்த ரப்பர் பாலே துணிக்கு நல்ல பசை. ரெண்டு பக்கமும் தடவி, கண்ணாடி நிறம் வர்ற வரைக்கும் காய வச்சு, அழுத்தினா தன்னோட தானே பிடிச்சுக்கும். தின்னர் நாத்தம் இல்லை, ஈரமா இருக்கும்போது தீப்பிடிக்காது. லேசான துண்டுக்கு எனக்குப் பிடிச்சது இதுதான். கனமான பாம்புக்கு வேண்டாம். ரப்பர் அலர்ஜி இருக்கிறவங்க தொடவே வேண்டாம்.

அடுத்தது, பசையை விட முக்கியமான விஷயம். நேரா உடுப்புலயே ஒட்டாதீங்க. ஒரு கெட்டியான காட்டன் துண்டுல ரப்பரை ஒட்டுங்க. சுத்தி ஒரு விரல் அகலம் துணி வெளியே இருக்கட்டும். அந்த ஓரத்தை உடுப்போட ஊசி நூல்ல தைங்க. ஏன்னா பசை, பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும். ஓரத்துல இருந்து உரிக்கிறதைத் தாங்காது. ஸ்டிக்கரை நாம மூலையில இருந்துதானே உரிக்கிறோம்? ஓரத்துல நகக்கண் அளவு தூக்கினாலும் மொத்தமும் வந்துடும். அதனால ரப்பரோட மூலைகளை வட்டமா வெட்டுங்க. ரப்பரையே ஏன் தைக்கக் கூடாதுன்னு கேட்கலாம். ஊசி ஓட்டை வரிசையா விழுந்தா, தபால் தலை மாதிரி அந்தக் கோட்டுலயே கிழியும். அடித்துணி இருந்தா ரப்பரைப் பசை பிடிக்கும், உடுப்பை நூல் பிடிக்கும். பழசானா அந்த ஒரு துண்டை மட்டும் பிரிச்சு மாத்தலாம். நம்ம பாஷையில சொன்னா, மாட்யூலர்.

ஒட்டுற முறையை வேகமா சொல்லிடுறேன். புதுத் துணியை அலசிக் கஞ்சியை எடுத்துடுங்க. ரப்பர் மேல பவுடர் இருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுத் துடைங்க. துணி முதல் கோட்டைக் குடிச்சுடும், அது காஞ்சதும் ரெண்டாவது கோட்டு. விரல் முட்டியால தொட்டா நூல் இழுக்காம இருக்கணும், அப்பதான் சேர்க்கணும். சேர்த்ததும் சப்பாத்திக் கட்டையால பலமா உருட்டுங்க. இந்தப் பசைக்கு ரொம்ப நேரம் மேல பாரம் வைக்கிறதை விட, ஒருதடவை கொடுக்கிற அழுத்தம்தான் முக்கியம். அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தொடாதீங்க.

குற்றாலம் பக்கம் இருக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. சாரல் நேரத்துல ஒட்ட உட்காராதீங்க. பசையில இருக்கிற தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிரும். காத்துல ஈரம் அதிகமா இருந்தா அந்தக் குளிர்ச்சியில பனி மாதிரி நீர் படியும். கண்ணுக்கு அவ்வளவாத் தெரியாது, ஆனா ரெண்டு பசைக்கும் நடுவுல தண்ணி. அது ஒட்டாது. சாரல் விட்டு வெயில் அடிக்கிற மத்தியானத்துல, காத்தோட்டமான வராந்தாவுல பண்ணுங்க.

தீச்சட்டி எடுக்கிறவங்க இதை ரெண்டு தடவை கேளுங்க. தின்னர் உள்ள பசை ஈரமா இருக்கும்போது அதோட ஆவியே தீப்பிடிக்கும். பக்கத்துல விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. காஞ்ச பிறகும் ரப்பர் எரியும், பாலியஸ்டர் சாட்டின் உருகித் தோல்ல ஒட்டிக்கும். அதனால கை, மார்பு, சட்டி வர்ற பக்கம் ரப்பர் வேலையே வைக்காதீங்க. முதுகுப் பக்கமும் பாவாடையோட பின்பக்கமும் போதும். உள்ளே பருத்தி பனியன் கட்டாயம். கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரி எதையும் புதுசா ஒட்டாதீங்க. அவசரம்னா ஊசி நூல்தான்.

தங்க நிறத்துக்குப் பூசுற பொடி பல நேரம் செம்பு கலந்த பித்தளைப் பொடி. இயற்கை ரப்பருக்குச் செம்பு ஆகாது, சீக்கிரம் இத்துப் போயிடும். ஃபோம் ஷீட் மேல பூசிக்கோங்க. தேங்காய் எண்ணெயும் அதே கதை, ரப்பர் அதைக் குடிச்சு ஊதிடும். மேக்கப்பைக் கலைக்க எண்ணெய் எடுக்கிறதுக்கு முன்னால உடுப்பைக் கழட்டி வச்சிடுங்க. எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற பிளான் இருந்தாலும் இதே வரிசைதான். தசரா முடிஞ்சதும் ரப்பர் துண்டுகளைத் தையல் பிரிச்சு எடுங்க, ஈரத் துணியால உப்பைத் துடைங்க, நிழல்ல காய வச்சு, லேசா டால்கம் பவுடர் தூவி, துணிப் பையில மடிக்காம வைங்க. பி.வி.சி. பாம்பை மட்டும் தனிப் பையில போடுங்க, பக்கத்துல இருக்கிறதையும் அது பிசுபிசுப்பாக்கிடும்.