கடனில் மூழ்கிய நாடு

ஆப்பிரிக்காவில் ஜாம்பியா என்று ஒரு நாடு இருக்கிறது. அதற்குக் கடற்கரை கிடையாது. சுற்றிலும் வேறு நாடுகள். தலைநகரத்தின் பெயர் லுசாகா. நம்மைப் போலவே அவர்களும் பிரிட்டிஷ்காரர்களின் ஆட்சியில் இருந்தவர்கள். 1964இல் விடுதலை பெற்றார்கள். அவர்களுடைய முக்கிய உணவு மக்காச்சோள மாவில் கிண்டிய களி. நம் ஊர்க் கேழ்வரகுக் களி மாதிரிதான். கையால் உருட்டி, குழம்பில் தொட்டுச் சாப்பிடுவார்கள்.

அந்த நாட்டின் மண்ணுக்கு அடியில் செம்பு இருக்கிறது. கொஞ்சநஞ்சம் இல்லை, ஏராளமாக இருக்கிறது. கரண்டுக் கம்பிக்குச் செம்பு வேண்டும். மோட்டாருக்குச் செம்பு வேண்டும். உலகம் முழுக்க அதற்குத் தேவை உண்டு. அப்படியானால் ஜாம்பியா பணக்கார நாடாக அல்லவா இருக்க வேண்டும்? ஏன் இல்லை?

அந்தக் காலத்தில் வெளிநாட்டு வியாபாரத்தில் ஜாம்பியாவுக்கு 100 ரூபாய் வந்தால், அதில் சுமார் 90 ரூபாய் செம்பு விற்ற பணமாக இருந்தது. ஒரே பயிரை நம்பிய விவசாயி போல அந்த நாடு இருந்தது. வெங்காயம் போட்டவருக்கு வெங்காய விலை விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1975இல் உலகச் சந்தையில் செம்பு விலை விழுந்தது. அந்த விலையை ஜாம்பியா நிர்ணயிப்பதில்லை. லண்டனில் உள்ள உலோகச் சந்தையில் நிர்ணயம் ஆகிறது.

விலை விழுந்ததும் ஜாம்பியா கடன் வாங்கியது. அந்தச் சமயத்தில் கடன் எளிதாகக் கிடைத்தது. 1973இல் பெட்ரோல் விலை ஏறியிருந்தது. எண்ணெய் விற்ற நாடுகள் தங்கள் பணத்தைப் பணக்கார நாட்டு வங்கிகளில் போட்டிருந்தன. வங்கியில் பணம் சும்மா கிடந்தால் லாபம் இல்லை. அதனால் ஏழை நாடுகளைத் தேடித் தேடிக் கடன் கொடுத்தார்கள். பணக்கார அரசாங்கங்களும் கொடுத்தன. உலக வங்கியும் கொடுத்தது.

கடன் வாங்கும்போது வட்டி குறைவு. 1980 வாக்கில் அமெரிக்கா தன் நாட்டு விலைவாசியைக் குறைப்பதற்காக வட்டியைக் கடுமையாக உயர்த்தியது. அங்கே வங்கி வட்டி நூற்றுக்கு 20 வரை போனது. அமெரிக்காவில் எடுத்த முடிவு அது. சுமை ஏறியதோ லுசாகாவில். வட்டி கட்டுவதற்காக மறுபடி கடன் வாங்கினார்கள். வட்டிக்கு வட்டி சேர்ந்தது. கந்துவட்டிக்காரரிடம் மாட்டிய குடும்பத்தின் கதை இதுதானே!

எங்கள் கற்போர் மையத்தில் ஒரு அக்கா இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டார். “வாங்கினவங்க கட்டத்தானே வேணும்? நாம சங்கத்துல வாங்குற கடனைக் கட்டாம இருக்கோமா?” நியாயமான கேள்வி. வாங்கிய கடனைக் கட்டுவதுதான் முறை. ஆனால் யார் வாங்கினார்கள், எதற்கு வாங்கினார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஜாம்பியாவுக்குப் பக்கத்து நாடு அப்போது ஜயர் என்று அழைக்கப்பட்டது. இன்று காங்கோ என்கிறோம். அதை 1965 முதல் 1997 வரை மொபுட்டு என்ற சர்வாதிகாரி ஆண்டார். நாட்டுப் பணத்தைக் கொள்ளையடித்தார். அது பணக்கார நாடுகளுக்குத் தெரியும். தெரிந்தும் கடன் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவர் போகும்போது ஆயிரம் கோடி டாலருக்கு மேல் கடனை விட்டுவிட்டுப் போனார். அந்தப் பணத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத மக்கள் அதைக் கட்ட வேண்டுமாம். இது என்ன நியாயம் என்று நான் அந்த அக்காவிடம் திருப்பிக் கேட்டேன்.

மறுபடி ஜாம்பியாவுக்கு வருவோம். கடன் கட்ட முடியாத நாடுகளுக்கு உலக வங்கியும் சர்வதேச நிதியமும் நிபந்தனை போட்டன. செலவைக் குறை, மானியத்தை வெட்டு, பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கட்டணம் வாங்கு என்றார்கள். 1986 டிசம்பரில் ஜாம்பியாவில் மக்காச்சோள மாவுக்கு இருந்த மானியத்தை நீக்கினார்கள். மாவு விலை எகிறியது. செம்புச் சுரங்கப் பகுதி மக்கள் தெருவுக்கு வந்தார்கள். கலவரம் நடந்தது. உயிர்கள் போயின. அரசு மானியத்தைத் திரும்பக் கொடுத்தது.

பணக்கார நாடுகள் தாமாக மனம் மாறவில்லை. அந்த நாடுகளின் சாதாரண மக்கள் கேட்ட பிறகுதான் அசைந்தன. கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி ஒரு பெரிய இயக்கம் பிறந்தது. அதன் பெயர் ஜூபிலி 2000. ஐம்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை கடனாளிகளை விடுவிக்க வேண்டும் என்று பைபிளில் ஒரு வழக்கம் சொல்லப்படுகிறது. அதிலிருந்து வந்த பெயர் இது. 1998 மே மாதம் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் எட்டு வல்லரசுகளின் தலைவர்கள் கூடினார்கள். அப்போது சுமார் 70,000 பேர் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அவர்களில் பலர் தேவாலயங்களில் இருந்து வந்த வயதானவர்கள். அவர்களுக்கு யாரும் கடன் பாக்கி வைக்கவில்லை. யாரோ முகம் தெரியாத மக்களுக்காக நின்றார்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த விஷயம்தான்.

2003இல் நம் இந்தியாவும், தனக்குக் கடன்பட்டிருந்த சில ஏழை நாடுகளுக்குத் தள்ளுபடி அறிவித்தது. 2005 ஜூலையில் ஸ்காட்லாந்தில் கிளெனீகிள்ஸ் என்ற ஊரில் எட்டு வல்லரசுகள் மறுபடி கூடின. முதல் கட்டமாக 18 ஏழை நாடுகளின் 4,000 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்ய ஒப்புக்கொண்டன. ஜாம்பியாவின் கடன் சுமார் 700 கோடி டாலராக இருந்தது. தள்ளுபடிகளுக்குப் பிறகு அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

அதனால் என்ன பலன்? 2006 ஏப்ரலில் ஜாம்பியா அரசு கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணத்தை எடுத்துவிட்டது. காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய், முந்தானையில் காசு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் கழுகுகளும் காத்திருந்தன. 1979இல் டிராக்டர் வாங்குவதற்காக ருமேனியா நாட்டிடம் ஜாம்பியா 1.5 கோடி டாலர் கடன் வாங்கியிருந்தது. அந்தக் கடன் பத்திரத்தை 1999இல் டோனகல் என்ற தனியார் நிறுவனம் விலைக்கு வாங்கியது. கொடுத்த விலை 30 லட்சம் டாலருக்குச் சற்று மேல். பிறகு ஜாம்பியாவிடம் சுமார் 5.5 கோடி டாலர் கேட்டு லண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2007இல் சுமார் 1.5 கோடி டாலர் கொடுக்கும்படி தீர்ப்பானது. மற்றவர்கள் விட்டுக்கொடுத்ததால் மிச்சமான பணத்தை ஒருவர் அள்ளப் பார்க்கிறார். இப்படிப்பட்ட நிறுவனங்களைக் ‘கழுகு நிதி’ என்றே அழைக்கிறார்கள். பிரிட்டனில் மக்கள் கொதித்தார்கள். 2010இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. தள்ளுபடித் திட்டத்தில் வரும் ஏழை நாடுகளின் பழைய கடனுக்கு இஷ்டம்போல் கேட்க முடியாது என்று அது தடுத்தது. மனம் வைத்தால் பணக்கார நாடுகளால் முடியும் என்பதற்கு இது சாட்சி.

கடன் ஒரு பக்கம். உதவி இன்னொரு பக்கம். 1970இல் ஐக்கிய நாடுகள் சபையில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. பணக்கார நாடுகள் தங்கள் தேச வருமானத்தில் 100 ரூபாய்க்கு 70 பைசாவை ஏழை நாடுகளின் வளர்ச்சிக்குத் தர வேண்டும் என்றது. வெறும் 70 பைசா! 2024இல் அதைத் தாண்டியவை நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் என்ற நான்கு நாடுகள்தான். அமெரிக்கா சுமார் 22 பைசா கொடுத்தது. பிரிட்டன் 70 பைசா தருவோம் என்று 2015இல் சட்டமே போட்டது. 2021இல் அதை 50 பைசாவாகக் குறைத்தது. 2027க்குள் 30 பைசாவாக்கி, அந்தப் பணத்தை ராணுவத்துக்குத் தருவோம் என்று 2025இல் அறிவித்தது. அமெரிக்கா தன் உதவி நிறுவனத்தையே 2025 ஜூலையில் மூடியது.

உதவி வீண் என்று சொல்பவர்கள் உண்டு. பெரியம்மையை நினைத்துப் பாருங்கள். நம் பாட்டிமார் முகத்தில் தழும்பு பார்த்திருப்பீர்கள். உலக நாடுகள் சேர்ந்து சுமார் 30 கோடி டாலர் செலவழித்து அதை ஒழித்தன. 1980க்குப் பிறகு அந்த நோய் இல்லை. பணக்கார நாடுகளுக்கும் அதனால் லாபம்தான். தடுப்பூசிச் செலவு அவர்களுக்கும் நின்றது.

ஜாம்பியா பிறகு என்ன ஆயிற்று? 2012 முதல் மறுபடி கடன் வாங்கியது. சீனாவிடமும், கடன் பத்திரம் வாங்கும் வெளிநாட்டு முதலீட்டாளர்களிடமும் வாங்கியது. அதில் ஜாம்பியா ஆட்சியாளர்களின் தவறும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். கொரோனா வந்தது. 2020 நவம்பரில் தவணை கட்ட முடியவில்லை. கடனைச் சரிசெய்து தருவதற்குப் பெரிய நாடுகள் பேசிக்கொண்டே இருந்தன. 2023 ஜூனில்தான் 630 கோடி டாலர் கடனுக்குத் தவணையைத் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டன. தனியார் கடன்காரர்கள் இறங்கி வர 2024 ஆகிவிட்டது. இத்தனைக்கும் நடுவில், 2022இல் ஜாம்பியா அரசு பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியது.

2025ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் சுமார் 80 கோடிப் பேர் கொடிய வறுமையில் இருக்கிறார்கள் என்று உலக வங்கியே சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். தனியாரிடம் ஏழை நாடுகள் வாங்கும் கடன் பத்திரங்களில் பெரும்பகுதி லண்டன் அல்லது நியூயார்க் சட்டப்படி எழுதப்படுகிறது. எனவே வழக்கும் அங்கேதான் நடக்கும். நாடுகள் தள்ளுபடிக்கு ஒப்புக்கொண்டால் தனியாரும் அதே அளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அந்த இரண்டு இடங்களிலும் சட்டம் வர வேண்டும். இனி வரும் கடனுக்கும் அது பொருந்த வேண்டும். லுசாகாவில் எத்தனை பேர் ஊர்வலம் போனாலும் அந்தச் சட்டத்தைப் போட முடியாது. அதைப் போட வேண்டியவர்கள் பணக்கார நாடுகளில் இருக்கிறார்கள்.