அக்கிக்குக் காவி போதாது

2008-இல் ஹிதேந்திரனின் பெற்றோர் எடுத்த முடிவுக்குப் பின்னர் உறுப்பு தானத்தில் தமிழகம் அடைந்த வளர்ச்சியை நாடறியும். உறுப்பு பெற்றவர் அதன்பின் வாழும் ஆண்டுகளைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. தோல் மருத்துவரான நான் அவர்களைச் சந்திப்பது அந்த ஆண்டுகளில்தான்.

1954-இல் பாஸ்டனில் வெற்றி கண்ட முதல் சிறுநீரக மாற்று, ஒத்த இரட்டையரிடையே நடந்தது. பெற்றவரின் உடல் அதை அந்நியமாகக் கருதவில்லை. மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் போன்ற மாத்திரைகளால் எதிர்ப்பாற்றலை அடக்கி வைத்தால்தான் புதிய உறுப்பு நிலைக்கும். அவ்வாறு அடக்கப்படும் டி அணுக்களே வைரஸ்களையும் கட்டுக்குள் வைத்திருப்பவை.

சிறுவயதில் சின்னம்மை கண்டவரின் நரம்பு முடிச்சுகளில் அந்த வைரஸ் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும். காவல் தளர்ந்ததும் நரம்பின் வழியே வந்து, உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளங்களை எழுப்பும். இதுவே அக்கி. குயவரிடம் சென்று காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. நலமாக உள்ளவருக்கு அக்கி பெரும்பாலும் தானே ஆறிவிடுவதால் காவிக்கு நற்பெயர் கிடைத்துவிட்டது. மாற்றுறுப்பு பெற்றவருக்கோ அது உடலெங்கும் பரவலாம். நுரையீரலையும் கல்லீரலையும் தாக்கலாம். அசைக்ளோவிர் போன்ற மருந்தைக் கூடியவரை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அது கடந்துவிட்டாலும் இவர்களுக்கு மருந்தைத் தவிர்க்கலாகாது. வீட்டில் வேறொருவருக்கு அம்மை கண்டாலும் அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மருவும் இப்படித்தான். குதிரை முடி கட்டினால் விழுந்துவிடும் என்பார்கள். பலருக்குத் தானாகவே உதிர்வதுதான் அதன் ரகசியம். இவர்களுக்கு அது கொத்துக் கொத்தாய்ப் பெருகும். உறையவைத்து அகற்றினாலும் மீண்டும் முளைக்கும். வெயில்படும் இடங்களில் சில புற்றாகவும் மாறலாம். வெள்ளைத் தோலினரிடம் அத்தகைய புற்று மிக அதிகம். நம்மிடம் குறைவு என்பதற்காக, புண்ணாகும் மருவைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பாமல் விடுவதற்கில்லை.

இதைப் படித்துவிட்டு எவரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, உறுப்பே பறிபோகும். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்பது மாற்று சிகிச்சைக் குழுவின் முடிவு.

சின்னம்மைத் தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இருப்பதால், அதை அறுவை சிகிச்சைக்குச் சில வாரங்கள் முன்பே போட்டுவிட வேண்டும். உயிருள்ள வைரஸ் இல்லாத அக்கித் தடுப்பூசி இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது. விலைதான் எளியோருக்கு எட்டாதது. அறுவைச் செலவை அரசுக் காப்பீடு ஏற்கும் மாநிலத்தில், உறுப்புக்காகக் காத்திருப்போருக்கு இந்தத் தடுப்பூசிகளையும் பெற்றவர்களுக்கு ஆண்டுக்கொரு தோல் பரிசோதனையையும் சேர்க்கக் கேட்பது மிகையாகாது. இன்று மறுபரிசோதனைக்கு வருவோரின் கிரியாட்டினின் அளவு தவறாமல் பார்க்கப்படுகிறது. சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமிருப்பதில்லை.