அம்பயர் போன பிறகு

கிரிக்கெட் சட்டங்களை எழுதிக் காத்துவரும் லண்டன் எம்.சி.சி., 2017 அக்டோபரில் அமலுக்கு வந்த சட்டத் தொகுப்பில் ஆட்டக்காரர்களின் நடத்தைக்கென்றே 42ஆம் சட்டத்தை ஒதுக்கியது. குற்றங்களை அது நான்கு படிகளாகப் பிரிக்கிறது. அம்பயரின் முடிவை ஏற்காமல் முறைத்துக்கொண்டு நிற்பது முதல் படி. அம்பயரை அடிப்பேன் என்று மிரட்டுவதும், களத்தில் யாரையாவது அடிப்பதும் நான்காம் படி. மூன்றாம் படிக் குற்றம் செய்தவர் 20 ஓவர் ஆட்டத்தில் 4 ஓவருக்கு வெளியே நிற்க வேண்டும். நான்காம் படி என்றால் அந்த ஆட்டம் முடியும்வரை உள்ளே வர முடியாது. இரண்டுக்கும் எதிரணிக்கு 5 ரன் சேரும். அம்பயரின் அதிகாரம் அத்தோடு சரி. நடந்ததை அந்த அணியின் நிர்வாகத்துக்கும் ஆட்டத்தை நடத்தும் அமைப்புக்கும் அவர் தெரிவிக்க வேண்டும், தக்க நடவடிக்கையை அவர்கள் எடுக்கட்டும் என்று சட்டம் ஒதுங்கிக்கொள்கிறது. பெரிய சங்கங்களில் அதற்கென்று குழுவும் சம்பளத்துக்கு ஆளும் உண்டு. பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு போன்ற ஓர் ஊரில் டென்னிஸ் பால் டோர்னமெண்ட் நடந்தால், அந்த 'அமைப்பு' என்பது நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் நாலைந்து இளைஞர்கள்தான். அவர்களில் ஒருவர் அடித்தவனுக்கு மாமன் மகனாக இருப்பார். இன்னொருவர் அடி வாங்கியவனோடு மறுநாள் விடியற்காலை ஒரே படகில் போக வேண்டியவராக இருப்பார்.

சின்ன ஊர், தெரிந்த முகங்கள், இதற்கு எதற்கு எழுத்தும் விசாரணையும் என்றுதான் பொதுவாகக் கேட்கிறார்கள். முகம் தெரிந்த இடத்தில்தான் முறை கூடுதலாக வேண்டும் என்பது என் கட்சி. முன்பின் அறியாத நீதிபதி ஒருவர் தவறாகத் தீர்ப்பளித்தால், அது தவறான தீர்ப்பு என்ற அளவில் நின்றுவிடும். மைத்துனன் அளித்தால் இரண்டு குடும்பங்களுக்குள் பகையாகும். சரியாகவே தீர்ப்பளித்திருந்தாலும் அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

விதியும் தண்டனையும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. ஏரியில் நல்ல மீன்பாடுள்ள இடங்களை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' ஏற்பாடு இங்கே தலைமுறைகளாக இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களில் தலைக்கட்டு உள்ளவர்கள் சீட்டுக் குலுக்கி, யார் எந்த இடத்தில் எப்போது வலை வைப்பது என்று முடிவு செய்துகொள்வார்கள். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து கூடும். சோழமண்டலக் கரையின் மீனவப் பஞ்சாயத்துகளைப் பற்றி 2001இல் நூல் வெளியிட்ட டச்சு ஆய்வாளர் மார்ட்டன் பாவிங்க், அரசுச் சட்டத்துக்குப் பக்கத்திலேயே இந்த ஊர்ச் சட்டமும் உயிரோடு இயங்குவதை விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆட்டக் கமிட்டிகள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: விதி என்ன என்பது வலை நனைவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எடுத்துக்கொள்ளக் கூடாததும் ஒன்று உண்டு. தலைக்கட்டுக்குள் இருப்பவருக்குத்தான் பாடு. அதற்கு வெளியே இருக்கும் ஊர்களுக்கு அதில் பங்கில்லை. ஏரியில் சச்சரவு எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். டோர்னமெண்டுக்கு வரும் வெளியூர் அணியின் நிலையும் இதேதான். போட்டியை நடத்தும் ஊரே விசாரிக்கும் ஊராகவும் இருந்தால், வந்தவர்கள் தண்டனை கேட்டுக்கொள்ள மட்டுமே உட்கார்ந்திருப்பார்கள்.

ஒழுங்கான விசாரணைக்குப் பெரிய செலவில்லை. அம்பயர் அன்று இரவே, நினைவு கலைவதற்குள், தான் பார்த்ததை மட்டும் எழுதித் தர வேண்டும். பிறர் சொல்லக் கேட்டதை அதில் சேர்க்கக் கூடாது. எந்த விதியை மீறியதாகப் புகார் என்பது அந்த ஆட்டக்காரரின் கைக்குத் தாளில் போக வேண்டும். பதில் யோசிக்கவும் சாட்சி தேடவும் அவருக்கு ஓரிரு நாள் வேண்டும். கேட்பவர்கள் மூன்று பேர் போதும், ஆனால் இரண்டு அணிகளின் ஊர்க்காரர்களும் அதில் இருக்கக் கூடாது. பையன் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். முடிவோடு காரணமும் இரண்டு வரியாவது எழுதப்பட வேண்டும். கொலைக் குற்றத்துக்குக் கேட்கும் அளவு உறுதியான நிரூபணம் இங்கே தேவையில்லை. நடக்காமல் இருந்திருப்பதைவிட நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று மனம் ஒப்பினால் போதும். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் ஒழுங்கு வழக்குகளில் வைத்திருக்கும் அளவுகோலும் இதுவே. அம்பயர் எழுதியதை உண்மை என்று எடுத்துக்கொண்டே தொடங்கலாம். ஆனால் அது தவறு என்று காட்ட எதிர்த்தரப்புக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று ஃபிஃபாவின் ஒழுங்கு விதித்தொகுப்பும் சொல்கிறது.

இதெல்லாம் வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் 2008 ஜனவரியை நினைத்துப் பார்க்கலாம். சிட்னி டெஸ்டில் ஹர்பஜன் சிங் ஆண்ட்ரூ சைமண்ட்ஸை இனவெறிச் சொல்லால் ஏசினார் என்று ஆட்ட நடுவர் மைக் ப்ராக்டர் 3 டெஸ்ட் தடை விதித்தார். மேல்முறையீட்டை நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹேன்சன் அடிலெய்டில் விசாரித்தார். இனவெறிக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. ஏசியதற்காக ஆட்டச் சம்பளத்தில் பாதி மட்டும் அபராதமானது. எந்த முடிவு சரி என்று இன்றும் வாதாடுபவர்கள் உண்டு. நான் கவனிப்பது வேறு. ஒரே சம்பவத்துக்கு இரண்டு விசாரணைகளில் இரண்டு முடிவுகள் வந்திருக்கின்றன. ஸ்டம்ப் மைக்கும் கேமராக்களும் இருந்த ஆட்டத்திலேயே இந்தக் கதி என்றால், ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் சாட்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் ஒருவனை இரண்டு வருடம் தள்ளிவைப்பது துணிச்சலான காரியம்.

ஏரிக்கும் கடலுக்கும் போகிறவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. பதில் கால்பந்தில் இருக்கிறது. சிவப்பு அட்டை வாங்கியவர் அடுத்த ஆட்டத்தில் தானாகவே ஆட முடியாது. அதற்கு யாரும் கூடிப் பேச வேண்டியதில்லை. சிறு தவறுகளுக்கு இப்படி முன்கூட்டியே விலை குறித்துவிட்டால், கைகலப்பு, ஆள்மாறாட்டம் போன்ற பெரிய புகார்களுக்கு மட்டும் உட்கார்ந்தால் போதும். பெரியவர்கள் பேசிச் சமாதானம் செய்துவைத்தால் ஆகாதா என்பார்கள். இரண்டு ஆட்டக்காரர்களுக்குள் என்றால் அது நல்லதுதான், கை குலுக்கி முடித்துக்கொள்ளட்டும். ஆனால் அடி வாங்கியது அம்பயர் என்றால், சமாதானத்தின் விலையை அவர் ஒருவரே கொடுக்கிறார். அடுத்த வருடம் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொள்ள ஆள் கிடைக்காது.

கடினமான ஆட்சேபம் இன்னொன்று: இதுவும் ஒரு கட்டப் பஞ்சாயத்துதானே? ஆகிவிடக்கூடிய ஆபத்து இருக்கத்தான் செய்கிறது, குறிப்பாக மீனவ ஊர்களில். ஆட்டத் தகராறு ஊர்த் தகராறாகி, வலை வைக்கும் முறையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் போய் நிற்க அங்கே அதிக நேரம் ஆகாது. ஆகவே கமிட்டியின் தண்டனை மைதானத்துக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும்: இத்தனை ஆட்டம் தடை, அணி கட்டிய டெபாசிட்டிலிருந்து இவ்வளவு பிடித்தம், அவ்வளவுதான். படகுக்கும் பாடுக்கும் பந்திக்கும் அதில் இடமில்லை. கமிட்டிக்கு இருக்கும் அதிகாரமே ஆட்டக்காரர் ஒப்புக்கொண்ட விதிகளிலிருந்து வருவது. பெல்காமில் ஒரு மேசானிக் அமைப்பு தன் உறுப்பினரை நீக்கிய விக்டோரியா லாட்ஜ் வழக்கில், 1960களின் தொடக்கத்தில், உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. சங்கத்தின் விதிகள் உறுப்பினரைக் கட்டுவதுபோலவே சங்கத்தையும் கட்டும். விதிப்படியும் இயற்கை நீதிப்படியும் நடந்ததா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும், சங்கத்தின் முடிவுக்கு மேல்முறையீடுபோல உட்கார்ந்து சாட்சியங்களைத் திரும்ப எடைபோடாது. விதியே எழுதாத கமிட்டிக்கு அங்கே காட்டுவதற்கு எதுவும் இருக்காது. நுழைவுக் கட்டணம் வாங்கும்போது கொடுக்கும் தாளின் பின்பக்கத்தில் இந்த விதிகளையும், மேல்முறையீடு கேட்கப்போகும் பக்கத்து ஊர்க்காரர்கள் யார் என்பதையும் அச்சடித்து, ஒவ்வொரு கேப்டனிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். அச்சுச் செலவு ஒரு பந்தின் விலைகூட வராது.