லண்டனில் இதயம் மாற்றிய டாக்டர், அஸ்வானில் பில் போடாத மருத்துவமனை கட்டியது ஏன்?

உலகில் அதிக எண்ணிக்கையில் இதய மாற்று அறுவை சிகிச்சை செய்த டாக்டர்கள் யார் என்று தேடினால், முதல் சில பெயர்களுக்குள் வந்துவிடுவார் மக்தி யாக்கூப். எகிப்தில் பிறந்து பிரிட்டனில் புகழ் பெற்றவர். ‘சர்’ பட்டம், ஆர்டர் ஆஃப் மெரிட் என அந்த நாடு தரக்கூடிய பெரிய மரியாதைகள் எல்லாம் கிடைத்துவிட்டன.

ஆனால், எகிப்து மக்கள் அவரைக் கொண்டாட வேறு காரணம் இருக்கிறது. நைல் நதிக்கரையில், அஸ்வானில் அவர் தொடங்கிய இதய மருத்துவமனையில் நோயாளியிடம் காசே வாங்குவதில்லை.

இதில் விசித்திரம் என்னவென்றால், இறந்தவரின் உறுப்பைத் தானமாகப் பெறும் வழக்கம் எகிப்தில் இன்னும் வேரூன்றவே இல்லை. 2010-ல் சட்டம் வந்தும் பெரிய மாற்றம் இல்லை. தானம் இல்லாவிட்டால் இதய மாற்று ஏது? அப்படியானால் இதய மாற்று நிபுணருக்கு அங்கே என்ன வேலை?

அத்தையின் வால்வு

யாக்கூப் 1935-ல் பில்பெய்ஸ் என்ற ஊரில், காப்டிக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவும் சர்ஜன். யாக்கூப் சிறுவனாக இருந்தபோது, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த அவருடைய அத்தை இதய நோயால் இறந்துபோனார். மைட்ரல் வால்வு சுருங்கிப்போவதுதான் அந்த நோய். இதய டாக்டர் ஆக வேண்டும் என்ற எண்ணம் அந்த மரணத்திலிருந்துதான் வந்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

இளம் வயதில் வால்வு சுருங்க முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். சின்ன வயதில் வரும் ஒருவகை பாக்டீரியா தொண்டைத் தொற்றுக்குச் சரியான மருந்து கொடுக்காமல் விட்டால், சிலருக்கு உடலின் எதிர்ப்பு சக்தியே திரும்பி இதய வால்வைத் தாக்கும். பென்சிலின் போதும், தடுத்துவிடலாம். பணக்கார நாடுகளில் கிட்டத்தட்ட காணாமல் போய்விட்ட நோய் இது. எகிப்திலும் இந்தியாவிலும் இன்னும் இருக்கிறது. நெருக்கடியான வீடும், தூரத்து ஆஸ்பத்திரியும் இருக்கும் இடங்களில் அது தங்கிவிடுகிறது. சுருக்கமாகச் சொன்னால், ஏழைகளின் இதய நோய்.

எல்லாரும் கைவிட்ட ஆபரேஷன்

கெய்ரோவில் 1957-ல் மருத்துவப் படிப்பை முடித்த யாக்கூப், 1960களின் தொடக்கத்தில் பிரிட்டன் போனார். 1969-ல் ஹேர்ஃபீல்டு மருத்துவமனையில் சேர்ந்தார். லண்டனின் விளிம்பில், காசநோயாளிகளுக்காக நடந்துகொண்டிருந்த பழைய இடம் அது. பெரிய பெயர் எடுக்க நினைக்கும் ஒருவர் தேடிப்போகிற ஆஸ்பத்திரி இல்லை.

அப்போது இதய மாற்று சிகிச்சைக்கே நேரம் சரியில்லை. 1967 டிசம்பரில் தென் ஆப்பிரிக்காவில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் ஆபரேஷனைச் செய்தார். நோயாளி 18 நாள்தான் வாழ்ந்தார். அடுத்த ஆண்டே உலகம் முழுக்க நூற்றுக்கும் மேல் ஆபரேஷன்கள் நடந்தன, பெரும்பாலானவர்கள் சீக்கிரமே இறந்தார்கள். புதிய இதயத்தைத் தைக்கத் தெரிந்தாலும், உடல் அதை ‘வெளியாள்’ என்று நினைத்துத் தாக்குவதைத் தடுக்கத் தெரியவில்லை. பிரிட்டனில் 1970களின் பெரும்பகுதி இந்த ஆபரேஷனே நடக்கவில்லை.

யாக்கூப் ஹேர்ஃபீல்டில் தன் திட்டத்தை ஆரம்பித்தது 1980-ல். அந்தச் சமயத்தில்தான் சைக்ளோஸ்போரின் என்ற, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தும் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. பத்தாண்டுக்குள் அந்தப் பழைய ஆஸ்பத்திரி, உலகின் மிகப் பெரிய இதய மாற்று மையங்களில் ஒன்றாகிவிட்டது. 1982-ல் அங்கே இதயம் பெற்ற ஒருவரிடம், ஐந்து ஆண்டு வாழலாம் என்றுதான் சொன்னார்களாம். அவர் 33 ஆண்டுகள் வாழ்ந்து, கின்னஸில் இடம்பிடித்துவிட்டு 2016-ல் இறந்தார்.

எல்லாமே வெற்றி என்று சொல்ல முடியாது. 1984-ல், பிறந்து 10 நாளே ஆன குழந்தைக்கு இதயம் மாற்றினார். குழந்தை சில வாரங்களில் இறந்துவிட்டது. இவ்வளவு பச்சைக் குழந்தையிடம் இதைச் செய்திருக்க வேண்டுமா என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது. நியாயமான கேள்விதான்.

வெளியே எடுத்த இதயம்

அவருடைய கேஸ்களில் மருத்துவ உலகமே திரும்பிப் பார்த்தது இது. 1995-ல், இதயத் தசை பலவீனமான இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு, அவளுடைய இதயத்தை அகற்றாமல், பக்கத்திலேயே தானமாக வந்த இதயத்தைப் பொருத்தினார். ஒரே உடலில் இரண்டு இதயம். பழைய இதயத்துக்கு ஓய்வு கொடுத்தால் தேறிவிடலாம் என்பது கணக்கு.

தேறியது. ஆனால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தின் விளைவாகக் குழந்தைக்குப் புற்றுநோய் வந்தது. மருந்தைக் குறைத்ததும், தானமாக வந்த இதயத்தை உடல் நிராகரிக்க ஆரம்பித்தது. 2001-லேயே ஓய்வு பெற்றிருந்த யாக்கூப் மறுபடியும் ஆலோசனைக்கு வந்தார். 2006-ல் அந்த இரண்டாவது இதயத்தை எடுத்தார்கள். சொந்த இதயம் தனியாகவே வேலை செய்தது. மருந்துகளை நிறுத்தினார்கள், புற்றுநோயும் விலகியது. 2009-ல் லான்செட் இதழில் இந்த கேஸ் வெளியானது.

மாற்று இதயம் உயிரைக் காக்கும், ஆனால் வாழ்நாள் முழுக்க மருந்தும் அதன் விலையும் கூடவே வரும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மாதாமாதம் மருந்து வாங்க முடியாத குடும்பத்துக்கு ஆபரேஷன் மட்டும் இலவசமாகச் செய்து என்ன பயன்?

அஸ்வான்

1990களின் நடுவில் ‘செயின் ஆஃப் ஹோப்’ என்ற தொண்டு அமைப்பை பிரிட்டனில் தொடங்கினார். ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு இதய ஆபரேஷன் செய்வது நோக்கம். எத்தியோப்பியா, மொசாம்பிக், ஜமைக்கா என டாக்டர்கள் குழுவாகப் போய் வந்தார்கள். ஆனால் வெளியிலிருந்து வரும் குழு ஒன்றிரண்டு வாரத்தில் கிளம்பிவிடும். வரிசையில் நிற்கும் குழந்தைகள் அங்கேயேதான் நிற்பார்கள். உள்ளூரிலேயே டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன் எல்லாரையும் உருவாக்கினால்தான் விஷயம் நகரும்.

அதற்குத்தான் அஸ்வான். வேதியியல் நோபல் பெற்ற எகிப்தியர் அகமது ஜுவைல் போன்றவர்களோடு சேர்ந்து 2008-ல் அறக்கட்டளை தொடங்கினார். அடுத்த ஆண்டே மையம் இயங்க ஆரம்பித்தது. வசதி மிக்க கெய்ரோவில் வைக்காமல், அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தெற்கே, வறுமை அதிகமான பகுதியில் வைத்தார்கள். பணம் நன்கொடையில் வருகிறது, முஸ்லிம்கள் தரும் ஜகாத் உட்பட. ஒரு காப்டிக் கிறிஸ்தவரின் பெயரில் நடக்கும் ஆஸ்பத்திரிக்கு ஜகாத்தும் போகிறது.

அங்கே பிறவி இதயக் கோளாறுகளுக்கும் வால்வுகளுக்கும் ஆபரேஷன்கள் நடக்கின்றன. அத்தைக்கு வந்த அதே நோயும் இதில் அடக்கம். கெய்ரோ அருகே ‘6 அக்டோபர்’ நகரில் இன்னொரு பெரிய மையம் கட்டும் வேலையையும் அறக்கட்டளை எடுத்திருக்கிறது.

இதோடு ஓர் ஆய்வும் ஓடுகிறது. குழந்தைக்குப் பொருத்தும் செயற்கை வால்வு, குழந்தையோடு வளராது. அதனால் திரும்பத் திரும்ப ஆபரேஷன் தேவைப்படும். உடலின் செல்களே வந்து குடியேறி, உடலோடு சேர்ந்து வளரும் ‘உயிருள்ள வால்வு’ ஒன்றை உருவாக்க யாக்கூபின் குழு பல ஆண்டுகளாக முயன்று வருகிறது. வழக்கமான சிகிச்சையாக அது இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.