கொழுந்து ஒன்றுதான்

வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் நாம் கொடுப்பது தேநீர். ஆனால் தேயிலைச் செடி வன்னியில் வளராது. அதற்குப் புளிப்பு மண்ணும் ஆண்டு முழுவதும் பரவலான மழையும் வேண்டும்.

சீனாவின் ஹுவாங்ஷான் மலைப் பச்சைத் தேயிலையும் நமது மலையகத்துக் கறுப்புத் தேயிலையும் ஒரே இனச் செடியின் கொழுந்துகளே. சீனர் பறித்த கொழுந்தைத் தாமதியாமல் சூடான தாச்சியில் வறுக்கிறார்கள். பச்சை நிறம் நிலைக்கிறது. இங்கே வாட்டி, உருட்டி, காற்றுப்பட விடுவதால் கறுக்கிறது.

எதுவானாலும் சாப்பாட்டோடு குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். கர்ப்பிணித் தாய்மார் ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்பது நல்லது.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலைச் செய்கையை வளர்த்தவை தமிழ்த் தொழிலாளரின் கைகள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1977 வன்செயலுக்குத் தப்பி வந்த பலர் கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளில் காடு வெட்டிக் கமஞ்செய்தனர். பின்னர் போர் நம் எல்லோரையும் ஒன்றாகவே இடம்பெயர வைத்தது. மரத்தடியில் ஒரே கேத்தல் தண்ணீரைப் பகிர்ந்தோம். இன்றும் அவர்களை 'வந்தவர்கள்' என்பது நமக்கு அழகா? காணிப் பேச்சிலும் கிராமச் சங்கத்திலும் அவர்களுக்குச் சம இடம் கொடுப்போம்.